ஓசூரில் வீடு, அட்டிபெலேயில் ஓட்டம்: ஐடியை பிளாக் செய்தால் எந்த மாநிலத்தில் போய்க் கேட்பது?

மத்திகிரி ரைடர்
10 டிசம்பர் 2025, இரவு 9.40

வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன். சுருக்கமாகக் கேட்ட இடத்திலெல்லாம் "கம்பெனியைக் கேளுங்கள்" என்ற ஒரே பதில்தான் வந்தது.

வயது 27. ஓசூர் மத்திகிரியில் வீடு. சிப்காட்டில் கான்ட்ராக்டில் இருந்தேன், அங்கே வேலை குறைந்ததும் எங்களைத்தான் முதலில் அனுப்பினார்கள், அதிலிருந்து மூன்று வருடமாக டெலிவரிதான். காலையில் பாகலூர் ரோடு பக்கம் ஒரு ஆப்பில் மளிகை, மாலை ஆறு மணிக்கு மேல் ஜூஜூவாடி எல்லை தாண்டி கர்நாடகாவில் அட்டிபெலே, சந்தாபுரா பக்கம் இன்னொரு ஆப்பில் சாப்பாடு ஆர்டர். அந்தப் பக்கம் ஏன் போகிறேன் என்றால், பி.ஜி.களில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் நைட் ஷிஃப்ட்காரர்களும் அதிகம், ராத்திரி பன்னிரண்டு வரை ஆர்டர் விழுந்துகொண்டே இருக்கும். இன்சென்டிவ் அங்கேதான் முடியும். ஓசூரில் ஒன்பதரைக்கு மேல் போன் அடிக்காது.

நவம்பர் கடைசி வாரம் ஒரு ராத்திரி தூறல். அட்டிபெலே சர்வீஸ் ரோட்டில் யாரோ ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். பின்னால் லாரி ஹாரன் அடித்தது, ஒதுங்கினேன், முன் சக்கரம் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு விட்டுவிட்டது. கீழே கிடக்கும்போது பையின் பட்டை தோளை இறுக்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே பாத்திரம் திறந்து சால்னா சூடாக முதுகில் இறங்குகிறது, ஹோல்டரிலிருந்து தெறித்த போன் கொஞ்ச தூரத்தில் தண்ணீரில் கிடந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆர்டர் லேட் ஆகிறது என்று ஆப் கூப்பிடுகிற சத்தம் அது. எதிரே டீக்கடையில் இருந்தவர் கன்னடக்காரர், அவர்தான் ஓடி வந்து பையைக் கழற்றி, போனைத் துடைத்து, ஆட்டோ பிடித்து அனுப்பினார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்று என் கையில் வசூல் பணம் 1,340 ரூபாய் இருந்தது. மறுநாள் கட்டு போட்டதிலேயே போய்விட்டது, டெபாசிட் செய்யவில்லை. மூன்றாம் நாள் ஆப்பைத் திறந்தால் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி. உடனே மச்சானிடம் வாங்கி 1,340ஐயும் கட்டிவிட்டேன். ரசீது இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, எல்லாவற்றையும் சாட்டில் அனுப்பினேன். திரும்பத் திரும்ப அதே நான்கு வரி பதில். டீம் லீடர் முதல் இரண்டு நாள் "மேலே சொல்லியிருக்கிறேன்" என்றார், இப்போது போனை எடுப்பதில்லை. என் ரேட்டிங் 4.8. ஒன்பதாயிரம் ஆர்டருக்கு மேல் கொடுத்திருக்கிறேன். எதற்காக நிறுத்தினார்கள் என்பதாவது தெரிய வேண்டாமா? பணத்துக்காகவா, அந்த ஒரு ஆர்டர் போய்ச் சேராததற்காகவா, இல்லை அந்தக் கஸ்டமர் ஏதாவது எழுதினாரா?

வீட்டில் அம்மா, மனைவி, ஒன்றரை வயதுப் பெண். வண்டிக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி.

கேட்க வந்தது இதுதான். கர்நாடகாவில் இதற்கென்று சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள், தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது என்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் ஓடுகிறவன். ஆதார், லைசென்ஸ், வண்டி நம்பர் எல்லாம் தமிழ்நாடு. விழுந்தது கர்நாடகாவில். நான் எந்தப் பக்கத்து ஆள்? எங்கே போய்க் கேட்பது?


பேரண்டப்பள்ளி
10 டிசம்பர், இரவு 10.25

தம்பி, முதலில் கையைப் பார்த்துக்கொள். மணிக்கட்டு எலும்பு அவசரப்பட்டால் வாழ்நாள் முழுக்க வலிக்கும். எனக்கு 2022இல் நடந்தது, டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே ஆக்ஸிலரேட்டர் முறுக்கப் போய், குளிர்காலம் வந்தால் இன்றைக்கும் விரல் மடங்காது.

நான் ஐந்து வருடமாக அந்தப் பக்கம்தான் ஓடுகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கர்நாடகாவில் 2025 மே மாதம் அவசரச் சட்டமாகக் கொண்டு வந்தார்கள், ஆகஸ்டில் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். அதில் உனக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு ரைடரை நீக்குவதென்றால் கம்பெனி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எந்தெந்தக் காரணத்துக்கு ஐடியை நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்திலேயே முழுதாக எழுதியிருக்க வேண்டும். அதில் இல்லாத காரணத்தைப் பிற்பாடு கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. அப்புறம், கையில் கொடுக்கும் பணத்தில் ஏதாவது பிடித்தால் எதற்குப் பிடித்தோம் என்று அதே பில்லில் காட்ட வேண்டும்.

முக்கியமாக இன்னொன்று. ஒப்பந்தம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ, இல்லை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள, ரைடருக்குத் தெரிந்த வேறு மொழியிலோ கிடைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது தம்பி. நாம் எல்லோரும் ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் வந்ததைக் கீழே தள்ளி ஓகே அழுத்தியவர்கள்தான். நீ தமிழில் கேள். கேட்பது உன் உரிமை.

நீ எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டாயே, ராத்திரி நீ எந்த ஸோனில் லாகின் செய்திருந்தாய்? அட்டிபெலே என்றால் அது கர்நாடக வேலை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. ஐடி முழுதாக மூடினால் பழைய பயணக் கணக்கு எதுவும் திறக்காது. பேஅவுட் வங்கியில் விழுந்த பதிவையும் எடுத்து வை.


பாலக்கோடு இ-சேவை
11 டிசம்பர், காலை 7.50

தம்பி, நான் பாலக்கோட்டில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வாரியப் பதிவு நிறையப் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், அதனால் இந்தப் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன்.

முதல்வர் ஸ்டாலின் 2023 சுதந்திர தின உரையில் அறிவித்து, அதே வருடக் கடைசியில் அமைத்ததுதான் நம் கிக் தொழிலாளர், அதாவது உன்னைப் போல ஆப் வழியாக வேலை செய்கிறவர்கள், நல வாரியம். 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆட்டோ ஓட்டுநர், தையல், சலவை, முடி திருத்துவோர் என்று ஏற்கெனவே இருக்கிற வாரியங்களின் வரிசையில் இதுவும் ஒன்று. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ, ஆதாரோடு இணைந்த போன் நம்பர், வேலை செய்வதற்கு அடையாளமாக ஆப்பில் இருக்கும் உன் ஐடி பக்கம். ஆன்லைனில் போட்டால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம், அந்த அலுவலகத்தில் சரிபார்த்து அட்டை வரும். நீ கிருஷ்ணகிரி மாவட்டம் என்பதால் அங்கே போகும். காலையில் ஓசூருக்குள்தான் மளிகை ஓட்டுகிறாய், அதனால் இங்கே பதிய உனக்குத் தடை எதுவும் இல்லை. அந்த மளிகை ஆப் ஐடி இன்னும் உயிரோடு இருக்கிறது அல்லவா? அதையே வேலைச் சான்றாகக் காட்டு.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனம் ஆனாலோ, பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, 60க்கு மேல் பென்ஷனுக்கு வாரியம் உதவும். ஐடியை ஏன் நிறுத்தினாய் என்று கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்காது. அதற்கு வேண்டிய சட்டம் இங்கே இன்னும் இல்லை. என் மையத்துக்கு வரும் பிள்ளைகள் அட்டை கையில் வந்ததும் "அக்கா, இதை வைத்து ஐடியைத் திறக்க வைக்கலாமா" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதை நான் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு காரியம் இன்றைக்கே செய். மத்திய அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவான இ-ஷ்ரம் இல்லையென்றால் போடு, அதில் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் என்று தனியாகவே பிரிவு வைத்துவிட்டார்கள். அப்புறம் வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா, வருடம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். இருபது ரூபாய் தம்பி. ரைடர்கள் பாதிப்பேர் அது இல்லாமல்தான் ஓடுகிறார்கள், என் மையத்துக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறேன்.


தர்மபுரி பிரியாணி கடை
11 டிசம்பர், பிற்பகல் 3.15

தம்பிக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் சட்டம் சட்டம் என்று எல்லோரும் பேசும்போது கடைக்காரன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பென்னாகரம் ரோட்டில் பத்து வருடமாகக் கடை. ஆப்பில் சேர்ந்து நான்கு வருடம். 200 ரூபாய் பிரியாணி விற்றால் கமிஷன், அதற்கு ஜி.எஸ்.டி., விளம்பரத்துக்கு ஒரு பிடித்தம், ஆஃபரில் என் பங்கு எல்லாம் போய் என் கைக்கு வருவதை வைத்து அரிசி, கறி, கேஸ், ஆள் கூலி கொடுக்க வேண்டும். இதற்கு மேல் கர்நாடகா மாதிரி ஒவ்வொரு ஆர்டருக்கும் ரைடர்களுக்கான நலநிதி என்று ஒன்று போட்டால் கம்பெனி அதைத் தன் கையிலிருந்து கொடுக்காது. ஒன்று கஸ்டமர் பில்லில் ஏற்றுவார்கள், ஆர்டர் குறையும். இல்லையென்றால் என் தலையில். ஆர்டர் குறைந்தால் ரைடருக்கும்தானே குறையும்? பெங்களூரில் 20 ரூபாய் கூடினால் யாருக்கும் தெரியாது. தர்மபுரியில் 20 ரூபாய் கூடினால் கஸ்டமர் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்து பார்சல் வாங்கிப் போய்விடுவார்.

சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதென்றால் கமிஷனுக்கும் சேர்த்து வரம்பு போடுங்கள் என்கிறேன்.


மத்திகிரி ரைடர்
11 டிசம்பர், இரவு 8.05

பேரண்டப்பள்ளி அண்ணா, பாலக்கோடு அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணா சொன்னது போல ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனால் நல்லவேளை பயணக் கணக்குப் பக்கம் மட்டும் இன்னும் திறக்கிறது. மூன்று மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன். இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து திரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைக்கார அண்ணா, நீங்கள் சொல்வதில் கமிஷன் விஷயம் நியாயம். ஆனால் நலநிதி கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். கர்நாடகச் சட்டத்தில் அது பிரியாணி விலையில் பிடிப்பது இல்லை. ரைடருக்கு அந்த ஆர்டருக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம். எனக்கு ஒரு ஆர்டருக்கு 35 ரூபாய் வந்தால், 1 சதவீதம் என்பது 35 காசு. 5 சதவீதமே போட்டாலும் ஒன்றே முக்கால் ரூபாய். உங்கள் 200 ரூபாய் பிரியாணியில் இது ஒரு வெங்காயத்தின் விலைகூட வராது. இதற்காக யாரும் ஆர்டர் போடாமல் விடமாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் எனக்கு நிதி இரண்டாவதுதான் அண்ணா. எனக்கு வேண்டியது ஒரு பதில். மனுஷன் ஒருவர் போனை எடுத்து "உன்னை இதற்காக நிறுத்தினோம்" என்று சொன்னால் போதும், நான் என் பக்கத்தைச் சொல்லிக்கொள்வேன். சிப்காட்டில் என்னை நிறுத்தியபோதுகூட சூப்பர்வைசர் நேரில் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார்.


கிருஷ்ணகிரி கோர்ட் ஜூனியர்
12 டிசம்பர், காலை 11.30

கிருஷ்ணகிரியில் ஜூனியர் வக்கீலாக இருக்கிறேன். இங்கே எழுதுவதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல் வழிகாட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள். காகிதங்களைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

எந்த மாநிலம் என்ற கேள்விக்கு பேரண்டப்பள்ளி அண்ணன் சரியாகச் சொல்லிவிட்டார். கர்நாடகச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் தொழில் நடத்தும் கம்பெனியையும் அங்கே நடக்கும் வேலையையும் பார்க்கிறது. உங்கள் ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்பது அங்கே பிரச்சினை இல்லை. விபத்து நடந்தது, நீங்கள் லாகினில் இருந்தது, ஐடி நிறுத்தப்பட்டது எல்லாமே அட்டிபெலே ஸோன் வேலை தொடர்பானது. ஆகவே முதலில் கம்பெனியின் உள் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத்தில் புகார். பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ கர்நாடகத் தொழிலாளர் துறையில் மனு. பெங்களூரு பன்னேர்கட்டா ரோட்டில் உள்ள கார்மிக பவனில்தான் துறையின் தலைமை அலுவலகம். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மத்தியச் சட்டத்தைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஐந்து வருடம் கிடப்பில் இருந்து, 2025 நவம்பர் 21ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளர் என்ற சொல்லே அதில்தான் முதன்முதலாக மத்தியச் சட்டத்துக்குள் வந்தது. கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும், ஆனால் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2025 டிசம்பரில் இதை எழுதும்போது விதிகள் இன்னும் வரவில்லை. ஆனால் அதே சட்டம் கிக் தொழிலாளரை முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றுதான் வரையறுக்கிறது. ஆகவே ஐடி நிறுத்தத்துக்கு அதில் விடை கிடையாது. மாநிலச் சட்டம் வேண்டும் என்று கேட்பதற்கு இதுதான் காரணம். ராஜஸ்தான் 2023இல் நாட்டிலேயே முதலில் கொண்டு வந்தது, கர்நாடகா இப்போது. நம்மிடம் வாரியம் மட்டும் இருக்கிறது.

கட்டட வேலைக்காரர்களின் வாரியத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு கட்டடம் எழும்பினால் அதன் மதிப்பில் 1 சதவீதம் அந்த வாரியத்துக்குப் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால்தான் அந்த வாரியத்தின் கையில் பணம் இருக்கிறது, கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்புப் பணம் வந்து சேர்கிறது. டெலிவரிக்கும் ஆர்டருக்கு இவ்வளவு என்று நம் மாநிலத்தில் எழுதிவிட்டால், வாரியம் ஒவ்வொரு பட்ஜெட்டையும் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் நிதியைவிட 14 நாள் நோட்டீஸ்தான் முதலில் வர வேண்டும். நிதி என்றைக்கோ அடிபட்டால் உதவும், நோட்டீஸ் மாதா மாதம் சோறு போடும்.

கடைக்காரர் சொன்ன கமிஷன் வரம்பு நடக்காத காரியம் இல்லை. கொரோனா காலத்தில் நியூயார்க் நகரம் கடைகளிடம் வாங்கும் டெலிவரிக் கட்டணத்துக்கு 15 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. அதே நகரம் 2023 முதல் சாப்பாடு டெலிவரி செய்பவர்களுக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியமும் வைத்தது, ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து. கடைக்காரருக்கும் ரைடருக்கும் ஒரே இடத்தில் வரம்பு கிடைத்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம், ஒருவர் மேல் ஒருவர் சாய வேண்டியதில்லை.

கடைசியாக வண்டி இன்சூரன்ஸ். வெள்ளை போர்டு இரு சக்கர வண்டியின் பாலிசியை எடுத்து, எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பத்தியைப் படியுங்கள். கூலிக்கு ஓட்டக் கூடாது, சரக்கு ஏற்றக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். டெலிவரியில் அடிபட்டது என்று தெரிந்தால் வண்டிச் சேதத்துக்கு இழுத்தடிப்பார்கள். பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், எலும்பு முறிவுக்கு வராது. கம்பெனி தரும் குழுக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதெல்லாம் பெரும்பாலும் லாகினில் இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான், உங்களுக்கு அன்று ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஐடியை நிறுத்தியது விபத்துக்குப் பிறகு. விழுந்த நேரத்தில் நீங்கள் அவர்கள் ஆள்தான். இதைப் புகாரில் தனியாக எழுதுங்கள்.


நான்கு ரோடு அக்கா
12 டிசம்பர், மாலை 4.40

தர்மபுரியில் ஓட்டும் பெண் ரைடர் நான். இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் இந்த ஊரில் விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருக்கிறோம், அதனால் எங்கள் பாடு யார் காதிலும் விழுவதில்லை.

சட்டம் வருவது நல்லது, வரட்டும். போன பட்ஜெட்டில் ஓய்வறை கட்டுவோம் என்றார்கள், சென்னையிலும் கோவையிலும். அண்ணா நகரில் ஏ.சி. போட்டுத் திறந்த படத்தை எல்லோரும் எனக்கு அனுப்பினார்கள். சந்தோஷம்தான். இங்கே நான்கு ரோட்டில் நான் ஆர்டருக்காக நிற்பது ஒரு செருப்புக் கடையின் படிக்கட்டில். கடைக்காரர் நல்லவர், ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் கஸ்டமர் வந்தால் நானே எழுந்து தள்ளி நிற்பேன். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை லஞ்ச் ஆர்டர் விடாமல் வரும். அதில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் பெட்ரோல் பங்க், அங்கே பூட்டியிருந்தால் பஸ் ஸ்டாண்ட், அதற்குள் ஆர்டர் கைமாறிப் போகும், ரெண்டு முறை அப்படிப் போனால் அன்றைய இன்சென்டிவும் போகும். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். ஏப்ரல் மே வெயிலிலும் அப்படித்தான். போன கோடையில் சிறுநீரில் எரிச்சல் வந்து நான்கு நாள் படுத்தேன். அந்த நான்கு நாளுக்கும் யாரும் காசு கொடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் இத்தனை ஆர்டரை நியாயமான காரணத்துக்கு வேண்டாம் என்று சொன்னால் ரைடரைத் தண்டிக்கக் கூடாது என்று கர்நாடகச் சட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வக்கீல் தம்பி, அது உண்மையா? உண்மையென்றால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அதை மட்டும் இங்கே கொண்டு வந்தால் போதும்.

இ-ஸ்கூட்டர் மானியம் 20,000 ரூபாய் என்று அறிவித்தார்களே, அது 2,000 பேருக்குத்தான். மாநிலம் முழுக்க 2,000. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் நம் கண் முன்னால்தான் மின்சார வண்டி செய்து லாரி லாரியாக ஏற்றுகிறார்கள். வாரியத்தில் பதிந்தவர்களுக்கு என்பதால் யாராவது இன்னும் பதியவில்லையென்றால் போய்ப் பதிந்துவிடுங்கள்.


கிருஷ்ணகிரி கோர்ட் ஜூனியர்
12 டிசம்பர், மாலை 6.20

உண்மைதான் அக்கா. தக்க காரணத்தோடு வாரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை மறுக்கலாம், அதற்காகப் பாதகம் எதுவும் செய்யக் கூடாது என்று இருக்கிறது. எத்தனை என்பது ஒப்பந்தத்தில் வர வேண்டும். கழிப்பறைக்குப் போனது தக்க காரணம் இல்லை என்று எந்த அதிகாரி முன்னாலும் எவராலும் வாதாட முடியாது என்பது என் நம்பிக்கை.


தர்மபுரி பிரியாணி கடை
12 டிசம்பர், இரவு 11.10

இப்போதுதான் கடை சாத்தினேன். அம்மா, என் கடை பென்னாகரம் ரோட்டில், பின்பக்கம் பாத்ரூம் இருக்கிறது, வேலை செய்யும் பெண்கள் பயன்படுத்துவதுதான், சுத்தமாக இருக்கும். எந்த ஆப்பின் டி-ஷர்ட் போட்டிருந்தாலும் சரி, என் கடை ஆர்டர் இல்லையென்றாலும் சரி, வந்து போகலாம். கல்லாவில் இருக்கும் பையனிடம் சொல்லி வைக்கிறேன். குடிக்கத் தண்ணீரும் உண்டு. ரைடர்கள் கிச்சன் முன்னால் இருபது நிமிடம் நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன், அந்த நேரத்துக்கு அவர்களுக்குக் காசு கிடையாது என்பது இந்தப் பதிவைப் படித்த பிறகுதான் தெரியும். நாளையிலிருந்து ஒரு பெஞ்ச் போடுகிறேன்.

நலநிதி 35 காசு என்ற கணக்கைத் தம்பி சொன்ன பிறகு நானும் யோசித்தேன். அது எனக்குப் பாரமில்லை. கமிஷன் பேச்சை நான் விடப்போவதில்லை, ஆனால் அது வேறு கணக்கு.


மத்திகிரி ரைடர்
13 டிசம்பர், மாலை 5.30

எல்லோருக்கும். நேற்று ராத்திரி மனைவி எழுத, நான் சொல்லச் சொல்ல, புகாரைத் தமிழிலேயே எழுதினோம். ஒன்றரைப் பக்கம். எந்தக் காரணத்துக்காக ஐடி நிறுத்தப்பட்டது, ஒப்பந்தத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது, 14 நாள் நோட்டீஸ் எங்கே, ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி வேண்டும், விபத்து நேரத்தில் லாகினில் இருந்தேன் அதனால் காப்பீட்டுப் படிவம் வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். எக்ஸ்ரே, 1,340 கட்டிய ரசீது, ஸோன் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து இன்று காலை ஆப்பின் குறைதீர்ப்பு மெயிலுக்கு அனுப்பிவிட்டேன். மதியம் ஒரு பதில் வந்தது. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு எண். அதே நான்கு வரி இல்லை, இதுவரை வராத ஒரு எண். அதை மனைவி பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

வாரியப் பதிவும் போட்டாயிற்று, பாலக்கோடு அக்கா சொன்ன மாதிரி மளிகை ஆப் ஐடியைக் காட்டி. 20 ரூபாய் காப்பீடும் எடுத்துவிட்டேன், மச்சானுக்கும் சேர்த்து.

திங்கட்கிழமை கார்மிக பவனுக்குப் போய் மனுவின் நகல் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கம்பெனி பதில் வரும் வரை காத்திருக்கலாம்தான், ஆனால் நேரில் போய் எந்த ஜன்னலில் கொடுப்பது என்றாவது தெரிந்துகொண்டு வரலாம். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. கையில் கட்டு இருப்பதால் வண்டி ஓட்ட முடியாது, ஓசூரிலிருந்து பஸ்தான். அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் யாராவது கூட வர முடியுமா? ஐடி பிளாக் ஆனவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களும் மனுவோடு வரலாம்.


பேரண்டப்பள்ளி
13 டிசம்பர், மாலை 6.02

நான் வருகிறேன் தம்பி. கன்னடம் எழுதப் படிக்கத் தெரியும், அட்டிபெலேயில்தான் பத்தாவது வரை படித்தேன். திங்கள் காலை எட்டு மணிக்கு அட்டிபெலே டோல் தாண்டி இருக்கும் பஸ் ஸ்டாப்பில் இறங்கி நில், என் வண்டியில் போய்விடலாம். அந்த டீக்கடை அங்கிருந்து பக்கம்தானே, முதலில் அங்கே ஒரு டீ குடிப்போம். அவர் பெயரைக் கேட்டுக்கொள். விழுந்ததை நேரில் பார்த்தவர், மனுவில் அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் பலம்.

எக்ஸ்ரே நகல் இரண்டு எடுத்து வா. ஒப்புகை முத்திரை வாங்க இன்னொரு செட்டும் வேண்டும்.